வாத்தியம் கற்கத் தொடங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கிட்டார், கீபோர்டு, வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் ஆகியவற்றில் ஒன்றைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு முதல் வருடத்தில் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை இங்கே விட்டிருக்கிறோம். "எனக்கு சங்கீத ஞானமே இல்லை போல" என்று முடிகிற கேள்விகள் நிறைய வருகின்றன. அவற்றில் பலவற்றுக்கு விடை வாத்தியத்தின் அமைப்பிலோ பழகும் முறையிலோ கிடைத்துவிடுகிறது, ஞானத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

1. எதுல ஆரம்பிச்சா ஈஸி?

முதல் நாளே சரியான சுரம் வர வேண்டுமென்றால் கீபோர்டு. கட்டையை அழுத்தினால் போதும், சுருதி தவறாது. கிட்டாரில் ஓரளவு கேட்கும்படி வாசிக்க நாலைந்து வாரம் ஆகும், விரல் பழக வேண்டும். வயலினிலும் குழலிலும் நல்ல ஒலியை எழுப்புவதே தனிப் பாடம். சுரம் அதற்குப் பிறகுதான். மிருதங்கத்தில் அடி விழும் இடமும் விரல் எழும் வேகமும் படிவதற்குள் சில மாதம் ஓடிவிடும்.

ஆனால் தொடக்கத்தில் எளிதாக இருப்பது கடைசிவரை எளிதாக இருக்காது. இரண்டு கையும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டிய கட்டம் வந்ததும் கீபோர்டும் கடுமையாகிவிடும். எந்த ஒலியைக் கேட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கத் தோன்றுகிறதோ அதையே எடுங்கள். மூன்றாம் மாதச் சலிப்பில் கைகொடுப்பது அந்த ஆசைதான்.

2. வயசு 42 ஆச்சு, இனிமே விரல் வளையுமா?

வளையும், கொஞ்சம் மெதுவாக. பெரியவர்களுக்கு உண்மையான இடைஞ்சல் காது. பல வருடம் நல்ல இசையைக் கேட்டுப் பழகிய காது, கை போகும் வேகத்தைவிட வெகுதூரம் முன்னே நிற்கும். அதனால் தன் வாசிப்பு தனக்கே சகிக்காது. குழந்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. முதல் ஆறு மாதம் உங்கள் வாசிப்பைத் தேர்ந்த கலைஞரின் பதிவோடு ஒப்பிடாதீர்கள். நீங்களே போன மாதம் பதிவு செய்ததை எடுத்து வைத்துக் கேளுங்கள்.

3. கிட்டார் நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா?

நைலான் கம்பி விரலுக்கு மெதுவானது, ஆனால் அந்த வகைக் கிட்டாரின் கழுத்து அகலம். தலைப்பக்கம் சுமார் 52 மி.மீ. இருக்கும், ஸ்டீல் கம்பிக் கிட்டாரில் சுமார் 43 மி.மீ. தான். சிறிய கைக்கு இந்த 9 மி.மீ. பெரிய வித்தியாசம். திரைப்பாட்டுக்கு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்) பிடித்துப் பாடுவதுதான் நோக்கமென்றால் ஸ்டீல் எடுத்து, அதில் 10 அல்லது 11 என்று குறிக்கப்படும் மெல்லிய கம்பி செட்டைப் போடுங்கள். அந்த எண் மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நைலான் கிட்டாரில் ஸ்டீல் கம்பி மாட்டுவது. நைலான் செட்டின் மொத்த இழுவிசை 40 கிலோ அளவில் இருக்கும். 12 எண் ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். நைலானுக்காகச் செய்த மெல்லிய மேற்பலகை அதைத் தாங்காமல் உப்பும், கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பிய்ந்துகொண்டு வரும்.

4. பழைய கிட்டார் ஒண்ணு கிடைக்குது. என்ன பாத்து வாங்கணும்?

தலைப்பக்கத்திலிருந்து கழுத்தின் நீளத்துக்கு ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டாம். கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் 14ஆம் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் ஏழாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் கழுத்து சரி. நிறைய இடைவெளி இருந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. உள்ளே டிரஸ் ராடு என்னும் இரும்புக் கம்பி இருந்தால் பழுது பார்ப்பவர் நிமிர்த்திவிடுவார்.

பிறகு பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வாங்கினால், ஒரே ஓர் இடத்தில் கம்பி அதிர்ந்து இரைவது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

5. கீபோர்டுல 61 கட்டை போதுமா, 88 வேணுமா?

முதல் இரண்டு வருடத்துக்கு 61 போதும். ஐந்து ஆக்டேவ் (ஒரு ச முதல் மேல் ச வரையுள்ள சுற்று) கிடைக்கிறது. எண்ணிக்கையைவிட இரண்டு விஷயம் முக்கியம். மெதுவாக அழுத்தினால் மெதுவாகவும் ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் ஒலிக்கிறதா? கட்டை முழு அகலம்தானா? வெள்ளைக் கட்டை சுமார் 23.5 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். குட்டிக் கட்டையில் பழகிய விரல் பெரிய வாத்தியத்தில் தடுமாறும். பியானோதான் இலக்கு என்றால் மட்டும், பியானோ போல அழுத்தக் கனமாக இருக்கும்படி எடை வைத்த 88 கட்டையை முதலிலேயே பாருங்கள்.

6. வயலின் புதுசா வாங்கினேன். வில்லை எவ்வளவு தேய்ச்சாலும் சத்தமே வரலை. பழுதான பீஸா?

பழுது இல்லை. வில்லில் இருப்பது குதிரை மயிர். அது வெறுமனே வழுக்கிக்கொண்டு போகும், கம்பியைப் பிடிக்காது. ரோசின் என்னும் பிசின் கட்டியைத் தேய்த்தால்தான் மயிர் கம்பியைப் பற்றி இழுத்து விடும், பற்றி இழுத்து விடும். அந்தத் தொடர் இழுப்புதான் வயலினின் ஒலி. புது வில்லுக்கு அடிமுதல் நுனிவரை 20, 30 முறை தேய்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நாளும் மூன்று நான்கு இழுப்பு போதும்.

புது ரோசின் கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால் தேய்த்தாலும் ஒட்டாது. மேல்பரப்பை நைசான உப்புத்தாளால் லேசாக உரசிவிட்டுத் தேயுங்கள். அளவு மீறினால் ஒலி கரகரக்கும், கம்பிக்குக் கீழே வெள்ளைப் பொடி கொட்டும். அந்தப் பொடியை வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், விட்டால் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும். வில் மயிரைக் கையால் தொட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடத்தில் ரோசின் பிடிக்காது.

7. புல்லாங்குழல்ல வெறும் காத்துதான் வருது. உதடு சரியில்லையோ?

காற்று துளைக்குள் முழுவதும் போனாலும் ஒலி வராது, முழுவதும் வெளியே போனாலும் வராது. துளையின் எதிர் விளிம்பில் பட்டு இரண்டாகப் பிரிய வேண்டும். கீழுதட்டை ஊதும் துளையின் அருகு விளிம்பில் வைத்து, துளையில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குவரை மூடுங்கள். நாக்கு நுனியில் ஒட்டிய நூலைத் துப்புவதுபோல உதட்டைக் குவிக்காமல் பக்கவாட்டில் லேசாக இழுத்து, சிறிய இடுக்கு வழியாக ஊதுங்கள். ஊதிக்கொண்டே குழலை உள்ளும் புறமும் மிக மெதுவாக உருட்டினால் ஓர் இடத்தில் ஒலி பிடிக்கும். அந்தக் கோணத்தை நினைவில் வையுங்கள்.

எல்லாத் துளையையும் திறந்து வைத்து இதைப் பழகுங்கள். ஒலி நிலைத்த பிறகு ஊதும் துளைக்கு அருகிலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வாருங்கள். எந்த விரலை வைத்ததும் ஒலி உடைகிறதோ அந்த விரல்தான் கசிகிறது. நுனியால் மூடாமல் விரலின் சதைப்பகுதியால் மூட வேண்டும். எல்லாவற்றையும் மூடினால் மட்டும் உடைகிறது, விரல் எட்டவில்லை என்றால் குழல் உங்கள் கைக்கு நீளம். குட்டையான, உயர்ந்த சுருதிக் குழலில் பழகிவிட்டுப் பெரியதற்கு மாறலாம்.

8. ஊதினா தலை சுத்துதே, ஆபத்தா?

தொடக்கத்தில் பலருக்கு வரும். உதட்டு இடுக்கு பெரிதாக இருப்பதால் காற்று வீணாகி, அடிக்கடி ஆழமாக மூச்செடுக்கிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கிறது. உட்கார்ந்து ஊதுங்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். இடுக்கு சிறிதாக ஆக இது தானாகவே குறையும். ஊதாத நேரத்திலும் சுற்றினால் மருத்துவரைப் பாருங்கள், குழல்மேல் பழி போட வேண்டாம்.

9. ஒரு கட்டை, ரெண்டரைக் கட்டைனு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை எண்ணியதில் வந்த பேச்சு. சி ஒரு கட்டை, டி இரண்டு, இ மூன்று, எஃப் நான்கு, ஜி ஐந்து, ஏ ஆறு, பி ஏழு. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் அரைகள்: சி ஷார்ப் ஒன்றரை, டி ஷார்ப் இரண்டரை, எஃப் ஷார்ப் நாலரை, ஜி ஷார்ப் ஐந்தரை, ஏ ஷார்ப் ஆறரை. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லாததால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. (ஐந்தாம் கேள்வியின் 61 கட்டை வேறு, இந்தக் கட்டை வேறு. குழம்பாதவர்கள் குறைவு.)

"எனக்கு ரெண்டு கட்டை" என்று பாடுபவர் சொன்னால் அவருடைய ஆதார ஷட்ஜம் (ச) டி. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு படி ஏற்றினால் நீங்கள் சி-யில் பழகியதையே வாசிக்கலாம். கிட்டாரில் கேப்போவை (எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்தும் கிளிப்) இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டினால் அதே பலன். குழலில் இந்த வசதி இல்லை. அதனால்தான் குழல் வாசிப்பவர் பை நிறையக் குழல் வைத்திருக்கிறார்.

10. டியூன் பண்ணும்போது கம்பி அறுந்துபோச்சு. திரும்பத் தொடவே பயமா இருக்கு.

பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று. ஒரு கம்பியை மீட்டிக்கொண்டு வேறு கம்பியின் சாவியை (தலைப்பக்கத்துத் திருகு) முறுக்கியிருப்பீர்கள்; டியூனர் (சுருதி காட்டும் கருவி) முள் நகரவில்லை என்று மேலும் மேலும் முறுக்க, பாவம், அந்த இன்னொரு கம்பி அறுந்தது. அல்லது எழுத்து சரியாக வந்தும் ஆக்டேவ் தவறி, ஒரு சுற்று மேலே போயிருப்பீர்கள்.

கிட்டாரில் தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ. அதிர்வெண் முறையே சுமார் 82, 110, 147, 196, 247, 330 ஹெர்ட்ஸ். எழுத்தோடு எண்ணும் காட்டும் டியூனரில் 2, 2, 3, 3, 3, 4 என்று வர வேண்டும். சாவியிலிருந்து கம்பிவரை விரலால் தடவி உறுதி செய்துகொண்டு, கால் சுற்று கால் சுற்றாக ஏற்றுங்கள். சுருதி கூடிவிட்டால் தேவைக்குக் கீழே இறக்கி மறுபடி ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் பற்சக்கரத்தில் மிச்சமிருக்கும் தளர்வு, வாசிக்கும்போது சுருதியை இன்னும் இறக்கும். புதுக் கம்பி சில நாள் நீண்டுகொண்டேதான் இருக்கும், நைலானுக்கு ஒரு வாரம்கூட ஆகும். அது சாவியின் கோளாறு அல்ல.

11. விரல் நுனி எரியுது. எத்தனை நாளைக்கு?

தினமும் வாசித்தால் மூன்று நான்கு வாரத்தில் தோல் தடிக்கும். விட்டுவிட்டு வாசித்தால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து எரியும். நீர்க்கொப்புளம் வந்தால் அது வற்றும்வரை நிறுத்துங்கள்.

அதற்குமுன் கம்பியின் உயரத்தை அளந்துவிடுங்கள். 12ஆம் ஃப்ரெட்டின் உச்சிக்கும் கம்பியின் அடிக்கும் இடையே, ஸ்டீல் கிட்டாரில் தடித்த கம்பிக்கு 2.5 மி.மீ., மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். நைலானில் 4, 3 மி.மீ. இயல்பு. ஸ்டீல் கிட்டாரில் 3.5 மி.மீ. தாண்டினால் வலிக்கு உங்கள் விரல் பொறுப்பல்ல, சரி செய்யக் கொடுங்கள். அழுத்தும் இடமும் முக்கியம்: இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைக்காமல், ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒட்டினாற்போல வையுங்கள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரிய, வாசித்துக்கொண்டே அழுத்தத்தைக் குறையுங்கள். கம்பி இரையத் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு துளி கூட்டினால் போதும். இரண்டு பங்கு அழுத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரியவரும்.

12. எஃப் கார்டு மட்டும் வரவே மாட்டேங்குது. ஆறு கம்பியையும் ஒரே விரல் எப்படிங்க அழுத்தும்?

அழுத்த வேண்டியதில்லை. மெல்லிய கம்பியை ஒன்று என்று எண்ணினால், எஃப் கார்டில் 3, 4, 5ஆம் கம்பிகளை மற்ற விரல்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆள்காட்டி விரலுக்கு வேலை 1, 2, 6ஆம் கம்பிகளில் மட்டும். விரலைக் கட்டைவிரல் பக்கமாகச் சற்றுச் சாய்த்து, எலும்புள்ள ஓரத்தால் அழுத்துங்கள். உள்பக்கச் சதையில் கம்பி புதைந்துபோகும். முழங்கையை உடம்போடு சேர்த்தால் கையின் எடையே பாதி வேலையைச் செய்யும்.

இதே பிடியை ஐந்தாம் ஃப்ரெட்டில் வைத்துப் பாருங்கள், ஏ கார்டு கிடைக்கும். அங்கே எளிதாக வந்து முதல் ஃப்ரெட்டில் மட்டும் வரவில்லையென்றால், தலைப்பக்கம் கம்பி உட்காரும் பள்ளங்கள் உயரமாக இருக்கலாம். பழுது பார்ப்பவரிடம் சொல்லி இறக்கச் சொல்லுங்கள். அதுவரை மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் பிடிக்கும் சிறிய எஃப் போதும், பாட்டு நிற்காது.

13. தினமும் எவ்வளவு நேரம் பழகணும்? ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் உட்கார்ந்தா ஆகாதா?

தினம் 25 நிமிடம் அதைவிட மேல். கைப்பழக்கம் தூக்கத்திலும் இடைவெளியிலும் படிகிறது. வாரத்தில் ஏழு இரவு கிடைப்பதும் ஒரே இரவு கிடைப்பதும் சமமாகாது.

நேரத்தைவிட, அதை எப்படிச் செலவிடுகிறீர்கள் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தவறு வந்ததும் பாட்டை முதலிலிருந்து தொடங்குவார்கள். முதல் வரி நூறு தடவை வாசிக்கப்பட்டு மெருகேறும். தவறு வரும் ஐந்தாம் வரி ஐந்தாறு தடவைக்கு மேல் கைக்கு வந்திருக்காது. தவறிய சுரத்துக்கு முன் இரண்டு சுரம், பின் இரண்டு சுரம் மட்டும் வெட்டி எடுங்கள். பாதி வேகத்தில் தொடர்ந்து ஐந்து தடவை பிசகாமல் வந்த பிறகு வரியோடு ஒட்டுங்கள். புதுப் பாட்டைக் கடைசி வரியிலிருந்து பின்னோக்கிக் கற்பதும் நல்ல வழி: வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்தை நோக்கிப் போவீர்கள், பதற்றம் இருக்காது.

14. மெட்ரோனோம் இல்லாம நல்லாத்தான் வாசிக்கிறேன். அதைப் போட்டதும் எல்லாம் தப்பாகுது. அதை விட்டுடலாமா?

சீரான வேகத்தில் டிக் டிக் என்று தட்டும் மெட்ரோனோம் தவறை உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுக்கிறது. கடினமான இடத்தில் உங்களை அறியாமல் வேகத்தைக் குறைத்து, எளிதான இடத்தில் ஓடுகிறீர்கள். முதலில் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு 60 வேகத்துக்கு (நிமிடத்துக்கு 60 தட்டு) கைதட்டிக்கொண்டே பாட்டை வாயால் சொல்லுங்கள். வாயில் நிற்காத தாளம் விரலில் நிற்காது. பிறகு முழுப்பகுதியும் மூன்று தடவை சுத்தமாக வரும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள், அது வெட்கப்படும் அளவு குறைவாகத்தான் இருக்கும். அங்கிருந்து நான்கு நான்காக ஏற்றுங்கள், உடைந்தால் இரண்டு இறக்குங்கள்.

15. வயலின் கீச்சுனு கத்துது, சில சமயம் கரகரன்னு அரைக்குது. ரோசின் கூடிடுச்சா?

ஆறாம் கேள்வியில் சொன்ன அளவில் போட்டிருந்தால் ரோசினை விடுங்கள். வில்லின் வேகம், அதன்மேல் வைக்கும் எடை, குதிரையிலிருந்து (கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு) எவ்வளவு தள்ளி இழுக்கிறீர்கள் என்கிற மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எடை அதிகம், வேகம் குறைவு என்றால் அரைக்கும். எடை போதாமல் வேகமாக இழுத்தால் கீச்சிடும். குதிரைக்கு அருகே போனால் மெதுவாக, எடை கூட்டி இழுக்க வேண்டும்; விரல்பலகைப் பக்கம் வந்தால் வேகமாக, லேசாக.

கண்ணாடி முன் உட்கார்ந்து பாருங்கள். வில் குதிரைக்கு இணையாகப் போகாமல் வளைந்து போனால் படும் இடம் மாறிக்கொண்டே இருக்கும், அப்போது மற்ற இரண்டையும் சரிசெய்து பயனில்லை. வில்லின் நடுப்பகுதியை மட்டும் கொண்டு, விரல் வைக்காத கம்பியில், ஓர் இழுப்புக்கு நான்கு எண்ணிக்கை. ஒரு மாதம் இதிலேயே போனாலும் நஷ்டமில்லை.

16. வாசிச்சு முடிச்சதும் கம்பியெல்லாம் தளர்த்தி வைக்கணுமா?

வயலின் வில்லைக் கட்டாயம் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் குச்சி வளைந்துபோகும். வாசிக்கும்போது குச்சிக்கும் மயிருக்கும் நடுவில் ஒரு பென்சில் நுழையும் இடம் இருந்தால் போதும். கம்பியைத் தளர்த்தக் கூடாது. வயலினின் குதிரையும் உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்னும் சிறு மரத்தூணும் ஒட்டப்பட்டவை அல்ல, கம்பியின் இறுக்கத்தில்தான் நிற்கின்றன. எல்லாக் கம்பியையும் ஒன்றாக அவிழ்த்தால் தூண் சாயும், அதை நிறுத்தத் தனிக் கருவி வேண்டும். கம்பி மாற்றும்போதும் ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள்.

17. மிருதங்கத்துல வலந்தலை ஒரு பக்கம் ஒரு சுருதி, இன்னொரு பக்கம் வேற சுருதி கேக்குது.

வலந்தலையின், அதாவது வலது கை வாசிக்கும் பக்கத்தின், விளிம்பைச் சுற்றிலும் தோலின் இறுக்கம் சமமாக இல்லை. விளிம்புப் பின்னலில் வார் கோத்திருக்கும் இடங்களுக்கு நேராக, ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள். தாழ்ந்து கேட்கும் இடத்தில் மரக்கட்டையை வைத்துக் கல்லால் மேலிருந்து கீழ்நோக்கி அடித்தால் சுருதி ஏறும், கீழிருந்து மேல்நோக்கி அடித்தால் இறங்கும். ஓர் இடத்தை ஏற்றினால் அதன் எதிர்ப்பக்கமும் சற்று மாறும் என்பதால், எதிரெதிராகப் போய்ச் சிறு சிறு அடியாக முடியுங்கள். நடுவில் இருக்கும் கறுப்புக் கரணையில் கல் படவே கூடாது. தொப்பிப் பக்கத்தில் (இடது கைப் பக்கம்) அப்பிய ரவையை வாசித்து முடித்ததும் வழித்துவிடுங்கள். காய்ந்து ஒட்டினால் தோல் கெடும்.

18. நான் இடதுகைப் பழக்கம். மாத்திப் பிடிக்கணுமா?

இரண்டு கைக்கும் நுணுக்கமான வேலை இருப்பதால், முதலில் வழக்கமான பிடியிலேயே ஒரு மாதம் முயன்று பாருங்கள். கீபோர்டில் இந்தக் கேள்வியே எழாது. கிட்டாரை மாற்றிப் பிடிப்பதென்றால் இடக்கைக்கென்றே செய்ததை வாங்குங்கள். சாதாரணக் கிட்டாரில் கம்பியை மட்டும் திருப்பிப் போட்டால் தலைப்பக்கப் பள்ளங்களும் பிரிட்ஜின் சாய்வும் பொருந்தாது.

19. டியூனர் இல்லாம காதாலயே சுருதி சேக்க முடியுமா?

முடியும். ஒரே சுரத்தில் இரண்டு கம்பி மிகச் சிறிது விலகியிருந்தால் ஒலி அலையலையாகப் பெருத்துச் சிறுக்கும். ஒன்று 440, மற்றொன்று 442 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு இரண்டு அலை. ஒன்றை நெருக்கினால் அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். கேட்க வேண்டியது அந்த அலையைத்தான்.

கிட்டாரில் தடித்த கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டும் அடுத்த திறந்த கம்பியும் ஒரே சுரம். இப்படியே வரிசையாகப் போகலாம், ஜி-யிலிருந்து பி-க்குப் போகும்போது மட்டும் நான்காம் ஃப்ரெட். ஒவ்வொரு படியிலும் சிறு பிழை சேரும் என்பதால், முடிந்ததும் இரு ஓரத்து இ கம்பிகளையும் சேர்த்து மீட்டிச் சரிபாருங்கள்.

20. டியூனர் ஆறு கம்பிக்கும் பச்சை காட்டுது. ஆனா கார்டு பிடிச்சா மட்டும் ஏதோ சேரலை. என் காது தப்பா, டியூனர் தப்பா?

முதலில் கையைச் சந்தேகியுங்கள். 11இல் சொன்னபடி அளவுக்கு மீறி அழுத்தினாலோ கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தாலோ சுருதி ஏறும். அடுத்து கம்பியின் வயது: துருவும் அழுக்கும் ஏறிய கம்பி சீராக அதிராது. மூன்றாவது, 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் மீட்டி வரும் ஒலியையும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி வரும் ஒலியையும் டியூனரில் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் அந்தக் கம்பிக்கு நீளம் போதவில்லை. பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் உறுத்துகிறதென்றால் உங்கள் காது நன்றாகவே வேலை செய்கிறது. கிட்டாரும் கீபோர்டும் ஓர் ஆக்டேவை 12 சம பங்காக வெட்டியவை. ஒரு பங்குக்கு 100 சென்ட். அதில் பஞ்சமம் (ப) 700 சென்ட், இயல்பான பஞ்சமம் 702. வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தர காந்தாரம் (சி-யிலிருந்து எண்ணினால் இ) அதில் 400 சென்ட். தம்பூராவோடு இழையும் காந்தாரம் சுமார் 386. அந்த 14 சென்ட்தான் உங்களை உறுத்துவது. ஒரு கார்டுக்கு இனிமையாக இருக்கட்டும் என்று கம்பியை இறக்கினால் அடுத்த கார்டு கெடும், எனவே டியூனர் சொன்னபடியே விட்டுவிடுங்கள். வயலினும் குழலும் வாசிப்பவர்களுக்கு மட்டும் தேர்வு உண்டு: தம்பூரா ஒலிக்கும்போது காந்தாரத்தைக் காது சொல்லும் இடத்தில் வையுங்கள், கீபோர்டோடு சேரும்போது கீபோர்டின் இடத்துக்குப் போங்கள்.